உடலுக்குள்ளும் செடிக்குள்ளும் பொருட்கள் எப்படி நகர்கின்றன: வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவரங்களில் கடத்துதல், விலங்குகளில் சுற்றோட்டம் என்று ஒரு பாடம் உண்டு. பரவல், சவ்வூடு பரவல், சைலம், புளோயம், இதயம், ரத்தக்குழாய் என்று வரிசையாக வரும். பிள்ளைகள் வரிசையாக மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்த மறுவாரமே வரிசையாக மறந்தும் விடுவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தனை பெயர்களைச் சொல்லித் தருகிற நாம், "இதை நகர்த்துவது எது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம்.

தேவையான பொருட்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்: ஒரு உருளைக்கிழங்கு, கல் உப்பு, சமையல் நிறமி (கேசரிப் பவுடர் போதும், திரவ நிறமி கிடைத்தால் இன்னும் நல்லது), மளிகைக் கடையில் கிடைக்கும் சைனா கிராஸ், சம்பங்கிப் பூக்கள், நிறமில்லாத பாலிதீன் பைகள், கொஞ்சம் வாசலின், ஒரு கூர்மையான பிளேடு. பிளேடு பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

படி 1: பரவல் எவ்வளவு மெதுவானது என்று பாருங்கள்

டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டு "பார், இதுதான் பரவல்" என்று காட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மையைச் சுழற்றிக்கொண்டு போவது பெரும்பாலும் தண்ணீரின் அசைவு. டம்ளரை வைத்தபோது உண்டான அலை, மேலும் கீழும் உள்ள வெப்ப வேறுபாடு, இதெல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. உண்மையான பரவலைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் அசையக் கூடாது. அதற்குத்தான் சைனா கிராஸ். சர்க்கரை போடாமல் காய்ச்சி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி உறைய விடுங்கள். உறைந்ததும் மேலே கொஞ்சம் அடர்த்தியான நிறமியை விட்டு, டம்ளரின் வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

மறுநாள் பார்த்தால் நிறம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். அதற்கு மறுநாள் இன்னொரு சென்டிமீட்டர் இறங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பரவலில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

இந்தக் கணக்கை குளுக்கோஸுக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாதாரண செல்லின் அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நாள். ஒரு மீட்டருக்கு? 25 வருடங்களுக்கு மேல். அமீபாவுக்கு இதயம் எதற்கு இல்லை, நமக்கு எதற்கு இருக்கிறது என்பதற்கு விடை இந்த மூன்று எண்களில் இருக்கிறது. நகர்த்துவது எது என்றால், இங்கே யாருமில்லை. மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவுதான். பக்கத்தில் போக அது போதும், தூரம் போக உதவாது. ஆகவே பெரிய உயிர்கள் எல்லாம் தொலைதூரத்துக்கு வேறு வழி வைத்திருக்கின்றன, கடைசி ஒரு எட்டுக்கு மட்டும் பரவலை நம்புகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் மீண்டும் வரும்.

படி 2: சவ்வு நடுவில் வந்தால்

உருளைக்கிழங்கை விரல் அளவுத் துண்டுகளாக, முடிந்தவரை ஒரே நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். பாதியை வெறும் தண்ணீரிலும் மீதியை ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கரைத்த நீரிலும் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். உப்பு நீரில் கிடந்தது ரப்பர் மாதிரி வளையும். வெறும் நீரில் கிடந்தது விறைத்து, வளைத்தால் டக்கென்று உடையும். சமையலறைத் தராசு இருந்தால் முன்னும் பின்னும் எடை போடுங்கள், வித்தியாசம் தெரியும்.

செல்லின் சவ்வு தண்ணீரை எளிதில் விடும், உப்பை அப்படி விடாது. எந்தப் பக்கம் கரைபொருள் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். இதுதான் சவ்வூடு பரவல். தண்ணீர் சவ்வைக் கடக்கத் தனி வாசலே உண்டு, அக்குவாபோரின் என்ற புரதம். அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாகற்காயில் உப்புப் பிசறி வைத்தால் நீர் விடுவதும் இதே கதைதான். செடியின் தூரில் யூரியாவைக் கை நிறைய அள்ளிப் போட்டால் மறுநாள் இலை கருகி நிற்பதும் இதுவேதான்: மண்ணில் கரைபொருள் கூடிப்போய், வேர் நீரை எடுப்பதற்குப் பதில் இழக்கத் தொடங்குகிறது.

படி 3: ஆற்றல் செலவழித்து ஏற்றுவது

இதற்கு வீட்டுச் சோதனை இல்லை, ஆனால் வீட்டு உதாரணம் இருக்கிறது. செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு ஒன்றைக் கொண்டுபோக வேண்டுமானால் செல் ஏடிபியை, அதாவது தன் ஆற்றல் நாணயத்தை, செலவழிக்க வேண்டும். நம் செல்கள் அனைத்திலும் ஓடுகிற சோடியம்-பொட்டாசியம் பம்ப், ஒரு முறைக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. வெளியே இருக்கும் சோடியம் உள்ளே நுழையத் துடிக்கும். குடல் செல்கள் இந்தத் துடிப்பைப் பயன்படுத்திக்கொள்கின்றன. சோடியம் நுழையும் ஒரு வாசல், கூடவே குளுக்கோஸும் வந்தால்தான் திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும், படி 2இல் பார்த்தபடி.

இப்படி ஒரு கூட்டுவாசல் இருக்க வேண்டும் என்று ராபர்ட் கிரேன் 1960இல் சொன்னார். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பாக்கெட் அதுதான். அவசரத்துக்கு வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு, தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பாவம் குழந்தை என்று சர்க்கரையைக் கூட்டிப் போடாதீர்கள்: குடலுக்குள் கரைபொருள் கூடினால் தண்ணீர் உடலிலிருந்து குடலுக்கு வந்து பேதி அதிகமாகும். பாக்கெட் கிடைத்தால் அதையே, அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள்.

படி 4: தண்ணீர் ஏறும் பாதையைக் கண்ணால் பாருங்கள்

அரை டம்ளர் தண்ணீரில் நிறமியைத் தாராளமாகக் கரையுங்கள். வெளிறிய கரைசலில் ஒன்றும் தெரியாது. சம்பங்கித் தண்டையோ, கிடைத்தால் இலைகளோடு ஒரு காசித்தும்பைக் கிளையையோ எடுத்து, அடியை ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் மூழ்க வைத்தபடியே சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் வெட்டச் சொல்வது சும்மா இல்லை. வெளியே வெட்டினால் குழாய்க்குள் காற்று நுழைந்து நீர்த்தொடரை அறுத்துவிடும், அந்தக் குழாய் அப்புறம் வேலை செய்யாது. பூக்கடையில் வாங்கிய ரோஜா வீட்டு ஜாடியில் சீக்கிரம் தலை தொங்குவதற்கு இது ஒரு காரணம்.

வெட்டியதை நிறமி டம்ளரில் வைத்து வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் விடுங்கள். காசித்தும்பையின் தண்டு ஒளி புகும்படி இருப்பதால் சிவப்பு ஏறுவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். சில மணி நேரம் கழித்துத் தண்டைக் குறுக்கே மெல்லிசாக வெட்டினால் நிறம் தண்டு முழுக்கப் பரவியிருக்காது, புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் சைலம். காசித்தும்பையில் புள்ளிகள் வளையமாக நிற்கும், ஒருவித்திலைத் தாவரமான சம்பங்கியில் சிதறிக் கிடக்கும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு கிளையை அதே மாதிரி வெட்டி, அதன் இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு அதே நிறமியில் வையுங்கள். எதில் நிறம் வேகமாக ஏறுகிறது? இந்த ஒப்பீடு இல்லாமல் முதல் சோதனை வெறும் வேடிக்கைதான்.

படி 5: இழுப்பது யார்?

இதுதான் முழுப் பாடத்திலும் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செம்பருத்தி அல்லது கொய்யாக் கிளையின் நுனியில் காலையில் பாலிதீன் பையைக் கட்டுங்கள். பக்கத்தில் இலை உருவிய ஒரு கிளைக்கும் கட்டுங்கள். மதியத்துக்குள் முதல் பையின் உள்ளே நீர் முத்துமுத்தாகக் கோத்திருக்கும், இரண்டாவதில் பெயருக்குத்தான் இருக்கும். வேர் எடுக்கும் நீரில் மிகப் பெரும்பகுதி இப்படி இலைத்துளை வழியே ஆவியாகப் போய்விடுகிறது, செடி தன் உடம்புக்கு எடுத்துக்கொள்வது சொற்பம். ஒரு கிளையில் இலைகளின் மேல்பக்கமும் இன்னொன்றில் அடிப்பக்கமும் வாசலின் தடவிப் பை கட்டினால் இலைத்துளைகள் எந்தப் பக்கம் அதிகம் என்பதும் தெரிந்துவிடும்.

சரி, ஆவியாவதற்கும் ஏறுவதற்கும் என்ன தொடர்பு? கொங்கு நாட்டுப் பழைய கிணறுகளில் மோட்டாரை மேட்டில் வைக்காமல் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருந்து உறிஞ்சும் எந்தப் பம்பாலும் ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற முடியாது, ஏனென்றால் உறிஞ்சும்போது நீரை மேலே தள்ளுவது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம், அதன் பலம் அவ்வளவுதான். ஆனால் தென்னை 25 மீட்டர் நிற்கிறது. கலிபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயரிட்ட ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கு மேல். காற்றழுத்தத்தை நம்பி அந்த உயரத்துக்கு நீர் போகவே முடியாது.

வேர் கீழிருந்து தள்ளுகிறதா என்றால், கொஞ்சம் தள்ளத்தான் செய்கிறது. ஈரமான இரவுக்குப் பிறகு விடியற்காலையில் புல் நுனியிலும் தக்காளி, சேப்பங்கிழங்கு இலைகளின் விளிம்பிலும் சொட்டு நிற்கும். பனித்துளி இலை முழுக்கப் படியும், இது விளிம்பிலும் நுனியிலும் மட்டும் நிற்கும். அப்படித்தான் வேறுபடுத்த வேண்டும். இது வேர் அழுத்தம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வெட்டிய திராட்சைக் கொடியின் அடிக்கட்டையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி அளந்து 1727இல் வெளியிட்டார். (குதிரையின் ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவரும் அதே மனிதர்தான்.) ஆனால் மரம் அதிகமாக நீர் இழுக்கும் உச்சிவெயிலில் இந்த அழுத்தம் காணாமல் போய்விடும், பல மரங்களில் அது இருப்பதே இல்லை.

உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று ஜகதீஷ் சந்திர போஸ் சொன்னார். அது நிற்கவில்லை. அவருக்கு முன்பே, 1890களில், ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் வெட்டிய மரங்களை விஷக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார்: வழியிலிருந்த செல்கள் செத்த பிறகும் கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. போஸின் மற்ற வேலைகள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, இதில் மட்டும் அவர் பக்கம் நிற்க முடியாது.

விடையை 1894இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் சொன்னார்கள். சைலக் குழாய்கள் செத்த, உள்ளே வெறுமையான செல்கள். அவற்றுக்குள் வேரிலிருந்து இலை வரை அறுபடாத ஒரே நீர்த்தொடர். இலைக்குள் செல்சுவரின் மிக நுண்ணிய இடுக்குகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, அங்கே மிச்சமுள்ள நீர் பின்னோக்கி வளைந்து அடுத்த மூலக்கூறை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வது கூட்டிணைவு, குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வது ஒட்டிணைவு. நீர் தள்ளப்படவில்லை, இழுபடுகிறது. உயரமான மரத்தின் உச்சியில் இந்த இழுவிசை வளிமண்டல அழுத்தத்தைப் போல 20 மடங்கு அளவுக்குப் போகும். குழாய்ச் சுவர்களில் லிக்னின் படிந்து கெட்டியாக இருப்பது இதனால்தான், இல்லையென்றால் உள்நோக்கி நசுங்கிவிடும். அடிமரம் பகலில் மயிரிழை அளவு ஒல்லியாகி இரவில் மீண்டும் பருப்பதையும் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஏறுகிற வழியில் செடிக்கு ஏடிபி செலவு இல்லை, சக்தி கொடுப்பது வெயில்.

படி 6: சர்க்கரை போகும் பாதை

பென்சில் தடிமனுள்ள கொய்யா அல்லது மாதுளைக் கிளையில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை மட்டும் வளையமாக உரித்து எடுங்கள், கட்டை தெரிய வேண்டும். சைலம் கட்டையில் இருப்பதால் மேலே உள்ள இலைகள் வாடாது. சில வாரங்களில் வளையத்தின் மேல் விளிம்பு வீங்கும், கீழ் விளிம்பு அப்படியே இருக்கும். பட்டையோடு புளோயம் போய்விட்டதால், இலை தயாரித்த சர்க்கரை இறங்க வழியில்லாமல் அங்கே தேங்குகிறது. இத்தாலியரான மால்பிஜி 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்து பார்த்தார். நீங்கள் அந்த இடத்தில் ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்து பாலிதீன் சுற்றிக் கட்டினால், தேங்கிய உணவை வைத்து வேர் விடும். நர்சரிக்காரர்கள் விண்பதியம் போடுவது இப்படித்தான். அடிமரத்தைச் சுற்றி மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், வேர் பட்டினி கிடந்து மரம் செத்துப்போகும். பனை, தென்னையில் இந்தச் சோதனை நடக்காது, அவற்றில் புளோயம் பட்டையில் வளையமாக இல்லை, தண்டு முழுக்கச் சிதறியிருக்கிறது.

இங்கே நகர்த்துவது எது? இழுவை இல்லை, தள்ளல். எர்ன்ஸ்ட் மூன்ச் 1930இல் விளக்கியதைச் சுருக்கமாகச் சொன்னால், இலையில் துணைச்செல்கள் ஆற்றல் செலவழித்துப் பக்கத்திலுள்ள சல்லடைக் குழாய்க்குள் (புளோயத்தில் சாறு ஓடும் குழாய்) சர்க்கரையை ஏற்றுகின்றன (படி 3), கரைபொருள் கூடியதும் பக்கத்துச் சைலத்திலிருந்து நீர் நுழைகிறது (படி 2), அழுத்தம் ஏறுகிறது. கிழங்கிலோ காயிலோ சர்க்கரையை இறக்கிக்கொண்டதும் நீரும் வெளியேறி அங்கே அழுத்தம் குறைகிறது. இந்த வேறுபாட்டால் மொத்தச் சாறும் நகர்கிறது, மணிக்கு ஒரு மீட்டர் அளவில். ஆகவே புளோயம் என்றால் மேலிருந்து கீழே என்று எழுதினால் தப்பு. கிழங்கு முளைக்கும்போது கீழிருந்து மேலே போகும். இருக்கும் இடத்திலிருந்து தேவைப்படும் இடத்துக்கு, அவ்வளவுதான்.

இந்த அழுத்தத்துக்குச் சாட்சி வேண்டுமா? மாவிலையும் செம்பருத்தி இலையும் பிசுபிசுவென்று இருந்தால் திருப்பிப் பாருங்கள், அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அசுவினி ஊசி போன்ற வாயைச் சரியாக ஒரு சல்லடைக் குழாயில் செருகிவிட்டால் போதும், சாறு தானாக உள்ளே வரும், மிஞ்சியது பின்னால் தேன்துளியாகச் சொட்டும். ஆராய்ச்சியாளர்கள் குடித்துக்கொண்டிருக்கும் அசுவினியின் வாய் ஊசியை அப்படியே வெட்டிவிட்டு, அடிக்கட்டையில் தொடர்ந்து வடியும் சாற்றைச் சேகரிக்கிறார்கள். நாம் குடிக்கும் பதநீரும் பனையின் புளோயச் சாறுதான், பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சர்க்கரை. பாளையைத் தினமும் மெல்லிசாகச் சீவினால்தான் வடியும், ஏனென்றால் வெட்டுப்பட்ட சல்லடைக் குழாய்கள் தங்களை அடைத்துக்கொள்ளும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் அந்தச் சர்க்கரை புளித்துக் கள்ளாகிவிடும்.

படி 7: ஒரு துணியும் இரண்டு விரலும்

இனி நம் உடம்பு. முதலில் மணிக்கட்டில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு நிமிடம் நாடி எண்ணுங்கள், கட்டைவிரல் வேண்டாம், அதற்கே துடிப்பு உண்டு. 72 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளும். பெருக்கினால் நிமிடத்துக்கு 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! கல்லீரல் உணவிலிருந்து புதிதுபுதிதாக ரத்தம் செய்கிறது, உடம்பு அதைத் தீர்த்துவிடுகிறது என்று பழங்கால மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஆயிரம் வருடங்களுக்கு மேல் நம்பிவந்தார்கள். அப்படியானால் நாளுக்கு 7,000 லிட்டர் ரத்தம் செய்யும் அளவுக்குச் சாப்பிட வேண்டுமே. இந்த மாதிரிப் பெருக்கல் கணக்கை வைத்துத்தான் வில்லியம் ஹார்வி 1628இல், ரத்தம் சுற்றித்தான் வருகிறது என்று நிறுவினார்.

அவர் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய சோதனையை நீங்களும் செய்யலாம். முழங்கைக்கு மேலே துணியை மிதமாகக் கட்டிக் கையைத் தொங்கவிடுங்கள். முன்கையில் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) புடைக்கும், நடுநடுவே சின்ன முடிச்சு போலத் தெரிவது வால்வு. மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி, ஒரு முடிச்சைத் தாண்டும் வரை வழித்துவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்கள். முடிச்சுக்கு மேலே ரத்தம் நிற்கும், கீழே சிரை காலியாகவே இருக்கும், திரும்பி வராது. இப்போது முதல் விரலை எடுங்கள், கைப்பக்கமிருந்து சட்டென்று நிரம்பும். ஒருவழிப் பாதை! ஓரிரு நிமிடத்துக்கு மேல் துணியைக் கட்டி வைக்காதீர்கள்; ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

இங்கே நகர்த்துவது இதயத் தசையின் தள்ளல். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணான 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 1.6 மீட்டர் நீரைத் தாங்கும் அளவுதான், மர உச்சியின் இழுவிசைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. எல்லா விலங்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கரப்பானின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதே இல்லை, பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்றுக்குழாய்களே திசுக்கள் வரை போய்விடுகின்றன.

படி 8: கடைசி எட்டும், திரும்பி வராத நீரும்

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்று ஹார்வியால் பார்க்க முடியவில்லை. 1661இல் அதே மால்பிஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டையும் இணைக்கும் நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார். சிவப்பணு ஒற்றை வரிசையில் நெருக்கிப் போகும் அளவுக்குக் குறுகல், ஆனால் எண்ணிக்கை அவ்வளவு அதிகம் என்பதால் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே குறைந்துவிடும். பெரும்பாலான திசுக்களில் எந்தச் செல்லுக்கும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் ஒரு தந்துகி இருக்கும். அந்த மிச்சத் தூரத்துக்குப் பரவல் தாராளமாகப் போதும், படி 1இன் கணக்கை எடுத்துப் பாருங்கள்.

தந்துகியில் இன்னொன்றும் நடக்கிறது. ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளும், ரத்தத்திலுள்ள அல்புமின் போன்ற புரதங்கள் சவ்வூடு பரவலால் நீரைப் பிடித்து வைக்கும். இந்த இழுபறியை ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். தள்ளல் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்ச நீரை நிணநீர்க் குழாய்கள் சேகரித்துக் கழுத்துக்கு அருகே மீண்டும் சிரையில் விடுகின்றன. புரதம் போதாத குழந்தையின் கால் வீங்குவது, யானைக்கால் புழு நிணநீர்ப் பாதையைக் கெடுத்துக் கால் பருப்பது, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு மாலையில் செருப்பு இறுகுவது, மூன்றும் இந்தக் கணக்கில் வெவ்வேறு இடத்தில் வரும் கோளாறுதான். கடைசி ஆளுக்கு வைத்தியம் எளிது: கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலின் சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் மேலே போகும், ஆகவே நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம், நாலு எட்டு நடந்துவிட்டு வரலாம்.

உங்கள் கணுக்காலுக்கு மேலே, முன்பக்க எலும்பின்மேல், கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அங்கே நீர் கோத்திருக்கிறது. இரவு படுத்தெழுந்த பிறகும் அது வடியவில்லை என்றாலோ, ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, டாக்டரிடம் காட்டுங்கள்.